ஜேசிபி வருவதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டிவைரஸ் போடலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "ஹேக்கர்கள் நம் வீட்டு இண்டர்நெட்டுக்குள் வந்துவிடுவார்களா?" இரண்டுமே நல்ல கேள்விகள். ஆனால் எங்கள் ஊரில் இண்டர்நெட்டை அடிக்கடி நிறுத்துவது வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. அது மஞ்சள் நிறத்தில் இருக்கும். முன்பக்கம் ஒரு பெரிய கரண்டி, பின்பக்கம் ஒரு வாளி இருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு வரும். ஆமாம், ஜேசிபிதான்!

இதில் ஜேசிபி மேலோ அதை ஓட்டுபவர் மேலோ எனக்குக் கோபம் கிடையாது. காரணம், எங்கள் தெருவின் கேபிளை அறுத்த குழி எங்கள் வீட்டுக் குழி. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

அன்று நடந்தது

எனக்குச் சொந்த ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கரிசல் மண், சீமைக்கருவேலம், சுண்ணாம்புக்கல் சுரங்கம். இவற்றைச் சொன்னால் எங்கள் ஊரைச் சொல்லிவிட்டதாக அர்த்தம். பொறியியல் படித்துவிட்டு சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். அன்றிலிருந்து மாதத்தில் பாதி நாள் ஊரில்தான் இருக்கிறேன். வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கியிருக்கிறோம்.

ஓர் ஆடி மாதம். மழைக்காலம் வருவதற்குள் வாசலில் தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு குழாய் பதித்துவிட வேண்டும் என்று அப்பா ஜேசிபி சொல்லியிருந்தார். வீட்டுக்கும் ரோட்டுக்கும் இடையில் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று திட்டம். நான் உள்ளே லேப்டாப்பில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். திடீரென்று எல்லோருடைய முகமும் அப்படியே உறைந்து நின்றது. மோடத்தைப் பார்த்தேன். அதில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வெளியே ஓடினால், ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டுக் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கருவேல வேருன்னு நெனச்சேன் அண்ணாச்சி. இழுத்ததும் பொசுக்குன்னு வந்துருச்சு" என்றார் அப்பாவிடம். வாளியின் பல்லில் ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று தொங்கியது. "குழாய்தான போச்சு? பேஸ்ட்டு வச்சு ஒட்டிருவோம்" என்றார் அப்பா. அவர் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துவிட்டார். அது 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய். அதற்குள் ஆப்டிகல் ஃபைபர் கேபிள் போகிறது.

அறுந்தது எங்கள் வீட்டு இணைப்பு மட்டும் இல்லை. பக்கத்து செல்போன் டவருக்கும் அதே கேபிள்தான் போயிருக்கிறது. ஆகவே மொபைல் நெட்டும் போய்விட்டது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வந்து நின்றவர்கள், "நெட் இல்ல, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பினார்கள். அவர்களில் பலர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அதைப் பார்த்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாலையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். அந்த வீட்டில் முதன்முதலாக காலேஜுக்குப் போகப் போகிறவள் அவள்தான். பொறியியல் கலந்தாய்வில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி, இணையத்தில் உறுதி செய்ய அன்றுதான் கடைசி நாள். "அண்ணே, உங்க வீட்டுல நெட் வருதா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டு வாசலில் கிடந்த மண்மேட்டைத் தாண்டி வந்துதான் கேட்டாள்.

அவளையும் அவள் தம்பியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நேரம் முடிவதற்கு கொஞ்சம் முன்னால் பட்டியலை உறுதி செய்தோம். அவளுக்கு இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்று நான் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்? பைக் இல்லாமல் இருந்திருந்தால்? ஒரு குழாய் பதிக்கிற குழிக்காக ஒரு பிள்ளையின் வருடம் போயிருக்கும்.

கேபிள்காரர்கள் இரவில் வந்து விளக்கு வெளிச்சத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். செலவை அப்பா மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்.

ஒட்டுவது ஏன் அவ்வளவு கஷ்டம்?

பழைய டெலிபோன் வயர் செம்புக் கம்பி. அறுந்தால் முறுக்கி டேப் சுற்றினாலும் ஓரளவு பேசலாம். ஃபைபர் அப்படி இல்லை. அது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை. அதன் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். இரண்டு முனைகளையும் சுத்தமாக வெட்டி, நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். இதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்தான் செய்ய முடியும். ஒரு கேபிளுக்குள் பல இழைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். ஜேசிபி இழுத்த கேபிள் அறுந்த இடத்தில் மட்டும் கெட்டிருக்காது. இரு பக்கமும் கொஞ்ச தூரம் உள்ளுக்குள்ளேயே நொறுங்கியிருக்கும்.

அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஓடிடிஆர் என்று ஒரு கருவி. கேபிளின் ஒரு முனையிலிருந்து வெளிச்சத்தை அனுப்பும். அறுந்த இடத்தில் பட்டு வெளிச்சம் திரும்பி வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. போய்வர 32 மைக்ரோ செகண்ட் ஆனால், அறுந்த இடம் சுமார் 3.2 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. நாம் கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பதைப் போன்றதுதான்.

இதோடு ஒரு டிப்ஸ். உங்கள் ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளிச்சம் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யாதீர்கள். மோடத்தின் ரீசெட் பட்டனை அழுத்தி, உள்ளே இருக்கும் செட்டிங்குகளையும் அழித்துவிடாதீர்கள். ஃபைபர் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

உலகம் முழுக்க இதே கதை

இது பந்தல்குடியில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2011 மார்ச் 28 அன்று ஜார்ஜியா நாட்டில் 75 வயதுப் பாட்டி ஒருவர் மண்வெட்டியால் ஒரு கேபிளை வெட்டிவிட்டார். பக்கத்து நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதிக்கு சுமார் 5 மணி நேரம் இண்டர்நெட் இல்லை! செம்பு எடுத்து விற்பதற்காகத் தோண்டினார் என்றது போலீஸ். இண்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது என்றார் பாட்டி. அவர் சொன்னதை நான் நம்புகிறேன். எங்கள் அப்பாவும் அன்று தண்ணீர்க் குழாய் என்றுதானே நினைத்தார்!

நம் நாட்டுக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் இடங்களில் ஃபைபர் கேபிள் அறுபடுகிறது என்றும், இதனால் ஏற்படும் இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்றும் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை சொன்னது. இத்தனைக்கும் கேபிளை மேலோட்டமாகப் புதைப்பதில்லை. 165 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வழக்கமான அளவு. அப்புறம் எப்படி அறுகிறது? பதித்த பிறகு ரோட்டை அகலப்படுத்துகிறோம். ஓரத்து மண்ணை வழித்து எடுக்கிறோம். ஓடை வெட்டுகிறோம். ஆளுயரத்தில் இருந்த கேபிள் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. பாறை வந்த இடத்தில் முதலிலேயே மேலாகப் பதித்திருப்பார்கள். எனவே "ஆழத்தில்தானே இருக்கும்" என்ற தைரியம் கூடாது.

கேட்டுவிட்டுத் தோண்டு

அமெரிக்காவில் 2007 மே மாதத்திலிருந்து 811 என்ற ஒரே எண் நாடு முழுவதும் வேலை செய்கிறது. வீட்டில் மரம் நடுவதாக இருந்தாலும் சில நாட்களுக்கு முன்னால் அந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கேபிள், குழாய் வைத்திருக்கும் கம்பெனிகள் வந்து தரையில் கலர் அடையாளம் போட்டுவிட்டுப் போகும். மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், டெலிபோன் மற்றும் கேபிளுக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. தோண்டப் போகிறவர் தன் இடத்தை வெள்ளையால் குறித்துவைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. 2023 மார்ச் 22 அன்று பிரதமர் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற மொபைல் ஆப்பை டெல்லியில் தொடங்கி வைத்தார். தோண்டுவதற்கு முன் போன் செய்யுங்கள் என்று அர்த்தம்.

அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது? மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எங்கே, எப்போது தோண்டப் போகிறீர்கள் என்ற விவரத்தைக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் யார் யாருடைய கேபிளும் குழாயும் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதோ, அவர்களுக்கு எஸ்எம்எஸ், இமெயில் வழியாகத் தகவல் போகும். நீங்களும் அவர்களை ஆப்பிலிருந்தே போனில் அழைக்கலாம். அவர்கள் தங்கள் கேபிள் எங்கே போகிறது என்று சொல்வார்கள். தோண்ட நினைப்பவர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் விதியும் வந்தது. அதே ஆண்டு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் கேபிளைச் சேதப்படுத்துவதற்கு அபராதம் உண்டு.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த ஆப் வந்த செய்தியை அன்றே படித்தவன் நான். இரண்டு நண்பர்களுக்கு ஃபார்வர்டும் செய்தேன். ஆனால் என் வீட்டு வாசலில் தோண்டிய அன்று அது என் போனில் இல்லை!

ஆப் மட்டும் போதுமா?

போதாது என்பதுதான் என் கருத்து. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் சொல்வதால் இதைக் கொஞ்சம் நம்பலாம். எந்த சாஃப்ட்வேரும் உள்ளே போட்ட தகவலைத்தான் வெளியே தரும். பெரிய கம்பெனிகள் தங்கள் கேபிளைப் பதிவு செய்யலாம். ஊருக்குள் ஓடும் சின்ன கேபிள் ஆபரேட்டரின் வயர்? பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய்? பத்து வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கொண்டுபோன மோட்டார் லைன்? இவை எல்லாம் மேப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் ஊரில் அந்த மேப் மூன்று பேர் தலைக்குள் இருக்கிறது. தண்ணீர் திறந்துவிடுகிறவர், மின்வாரிய லைன்மேன், கேபிள்காரர். அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த மேப்பும் போய்விடும்.

அதனால் இரண்டையும் செய்யுங்கள். ஆப்பில் பதிவு செய்யுங்கள். அந்த மூன்று பேருக்கும் போன் செய்யுங்கள். அதில் ஒன்றை விட்டாலும் பாதி வேலைதான்.

"என் பட்டா நிலத்தில் குழி தோண்ட நான் ஏன் ஊரைக் கேட்க வேண்டும்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஏர் உழுவதற்கும் வெண்டைக்காய் போடுவதற்கும் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் ஜேசிபி வாளி இறங்குகிற ஆழத்துக்குப் போகும்போது விஷயம் வேறு. அதுவும் ரோட்டோரம் என்றால் அது நம் பட்டாவும் இல்லை. எங்கள் குழி பட்டாவுக்கு வெளியேதான் இருந்தது. கேபிள் நம் வாசல் வழியாகப் போனாலும், அதில் போகிற தகவல் ஊரார் எல்லோருக்கும் சொந்தம்.

இன்னொன்று. இப்படி நடந்தால் நாம் உடனே ஜேசிபி ஆபரேட்டரைத் திட்டுகிறோம். அவருக்கு மண்ணுக்கு மேலே இருப்பதுதான் தெரியும். கூலிக்கு வந்தவர் நாம் கை காட்டிய இடத்தில் தோண்டுகிறார். வேலை சொன்னவர்தான் விசாரித்திருக்க வேண்டும். இதில் என் முடிவு தெளிவு. குழிக்கு யார் பணம் கொடுக்கிறாரோ அவரே பொறுப்பு.

கேபிள் அறுந்தால் நெட் மட்டும்தான் போகும். மின்கேபிள் என்றால் உயிரே போகும். கேஸ் குழாய் பதித்திருக்கும் ஊர்களிலும் அப்படித்தான். அருப்புக்கோட்டைக்குத் தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. அப்படி ஒரு குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடத்தோடு காத்திருந்தவர்கள் நாங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. தோண்டுவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே ஆப்பில் தகவல் கொடுங்கள். ஜேசிபி வாசலில் வந்து நின்ற பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

2. பஞ்சாயத்துக்கும் லைன்மேனுக்கும் கேபிள்காரருக்கும் போன் செய்யுங்கள். முடிந்தால் நேரில் வந்து காட்டச் சொல்லுங்கள்.

3. அவர்கள் காட்டிய வழியைத் தரையில் கோடு போட்டுக் குறியுங்கள். நம் வீட்டில் கலர் கோலப்பொடிக்கா பஞ்சம்? தண்ணீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு, நெட்டுக்கு ஆரஞ்சு. ஆபரேட்டர் வந்ததும் முதலில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

4. கோட்டுக்குப் பக்கத்தில் ஜேசிபி வேண்டாம். மண்வெட்டியால் நிதானமாகத் தோண்டச் சொல்லுங்கள். கடப்பாரையும் வேண்டாம்.

5. தோண்டும்போது எச்சரிக்கை டேப், வரிசையாக அடுக்கிய செங்கல், திடீரென்று கரிசலுக்கு நடுவே ஆற்று மணல், இவற்றில் எது தென்பட்டாலும் உடனே நிறுத்துங்கள். மின்கேபிளுக்கு மேலே மணல் போட்டுச் செங்கல் பரப்புவது வழக்கம்.

6. கேபிள் அறுந்துவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள்! பலர் பயந்துகொண்டு இதைத்தான் செய்கிறார்கள். உடனே சொல்லிவிட்டால் சில மணி நேரத்தில் சரியாகலாம். மூடிவிட்டால் தேடவே ஒரு நாள் போகும். மின்சாரம், கேஸ் என்றால் முதலில் ஆட்களை விலக்கிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

உங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் புதைந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரு படமாக வரையுங்கள். போர் மோட்டார் வயர், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க், ஃபைபர் வயர் எல்லாம். பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். விண்டோஸோடு வரும் பெயிண்ட் போதும். வாசல்படியிலிருந்து எத்தனை அடி, மதில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். மரத்திலிருந்து அளக்காதீர்கள், மரம் ஒரு நாள் போய்விடும்.

இனி புதிதாக ஏதாவது பதித்தால், மண் போட்டு மூடுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள். 'வாசல் குழாய்' என்று பெயரும் தேதியும் போட்டு ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். பென்டிரைவில் ஒரு காப்பி. ஒரு பிரிண்ட் எடுத்து மின்சார அட்டையோடு வையுங்கள். கம்ப்யூட்டர் ஒரு நாள் கெட்டுப்போகும், காகிதம் இருக்கும். இந்தப் படத்தை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தோண்ட வருபவருக்குக் காட்டினால் போதும்.

சென்ற ஆண்டு வேலிக்குக் கல் ஊன்றுவதற்காக அப்பா மறுபடியும் ஆள் சொன்னார். இந்த முறை முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆப்புல போட்டுட்டியா?" என்று கேட்டார். தண்ணீர் திறந்துவிடுகிறவரை அவரே வீட்டுக்கு அழைத்து வந்து டீ கொடுத்து விசாரித்தார். வாசலில் ஆரஞ்சும் நீலமுமாகக் கோடு போட்டிருந்ததைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

அன்று நான் மீட்டிங்கில்தான் இருந்தேன். மோடத்தில் பச்சை விளக்கு கடைசி வரை எரிந்தது. நீங்களும் செய்து பாருங்கள்.